36 வயதை 24 ஆக்குதல்: ஒரு நகைச்சுவை நாவலின் பழுதுபார்ப்புப் பதிவு

கையில் எடுத்தது: இலங்கை மலைநாட்டில் நடக்கும் ஒரு நகைச்சுவை நாவலின் முதல் வரைவு. 36 அத்தியாயம், சுமார் 61,000 சொல். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 36 வயது ஆள், 24 வயது மாணவனாக நடித்துக் கல்லூரியில் படிக்கிறான் என்பதுதான் கதை. வேலை முடிந்தபோது 28 அத்தியாயம், 42,000 சொல். பழுது எங்கே இருந்தது, ஏன் வந்தது, என்ன செய்து சரியாக்கியது என்பது இந்தப் பதிவு. இதே மாதிரிக் கதை எழுதுகிறவர்களுக்கு அளவுகள் உதவும்.

முதல் பழுது: அந்த இடம் யாருடையது?

முதல் வரைவில் நாயகன், வெளிநாடு போய்விட்ட உறவுக்காரப் பையனின் அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு கெம்பஸுக்குள், அதாவது அரச பல்கலைக்கழகத்துக்குள், நுழைகிறான். வாசித்துப் பார்த்தால் மூன்றாம் பக்கத்திலேயே சிரிப்பு நின்றுவிடுகிறது. எழுத்து மோசமில்லை. காரணம் வேறு.

அரச பல்கலைக்கழக அனுமதி வெட்டுப்புள்ளியில், அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த உயர்தரப் புள்ளியில், ஓடுகிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயத்திலிருந்து ஒரு பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைத்தால் தோட்டத்தின் அந்த டிவிஷன் முழுக்க அதே பேச்சு. அப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பொய் சொல்லிப் பிடித்தவனை இங்குள்ள வாசகர் மன்னிக்கமாட்டார். மன்னிக்கவும் கூடாது. போதாததற்கு, இன்னொருவர் பெயரில் சேர்வது பொலிசுக்குப் போகிற விஷயம். அந்தப் பயம் ஒவ்வொரு பக்கத்திலும் கூடவே வரும். பயந்துகொண்டிருக்கும் வாசகர் சிரிக்கமாட்டார்.

திருத்தம்: கட்டணம் கட்டிப் படிக்கும் இரண்டு வருட டிப்ளோமா. வயதெல்லை இல்லை. சொந்தப் பெயர், சொந்த அடையாள அட்டை, சம்பளத்தில் சேர்த்த சொந்தக் காசு. அலுவலகத்துக்கு அவன் வயது தெரியும். தெரியாதது வகுப்பில் இருக்கும் நாற்பது பேருக்கு மட்டும். மாணவர் சீசன் டிக்கட், உதவிப்பணம் என்று எதையும் அவன் வாங்குவதில்லை. இந்த ஒரு மாற்றத்தில் ஏழு அத்தியாயம் தானாகக் கழன்றது. கள்ளக் கடிதம், அதை மறைக்க இன்னொரு கடிதம் என்று ஓடிய பக்கங்கள் அவை.

கல்லூரிக்குப் பெயர் வைக்கவில்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் ஒரு சிறு நகரம், அவ்வளவுதான்.

பொய் பிறக்கும் இடம்

மாணவனாக நடிக்க வேண்டும் என்று அவன் முதல் நாளே திட்டம் போட்டு வந்தால் பாத்திரம் கெட்டுவிடும். பொய் வெட்கத்தில் பிறக்க வேண்டும், ஒரு சொல்லில் பிறக்க வேண்டும். முதல் வரைவில் இதற்குப் பதினொரு பக்கம் இருந்தது. இப்போது அரைப் பக்கம்:

கதவைத் தள்ளியதும் நாற்பது பேரும் எழும்பி நின்றார்கள்.

"குட் மோர்னிங் சேர்."

கையில் குடை, சட்டைப் பையில் இரண்டு பேனா, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவனும் திரும்பிப் பார்த்தான்.

"நான் சேர் இல்லீங்க. நானும் படிக்கத்தான் வந்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பான். கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.

"அண்ணே, எத்தனையாவது ஷை?"

"மூணாவது."

அந்த "மூணாவது" தான் முழு நாவலையும் தூக்கி நிறுத்தும் ஆணி. பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதலாம், ஒவ்வொரு தரமும் ஒரு ஷை. முதல் ஷையில் வந்தவன் என்றால் 22 வயதுக்கு மேல் காட்ட முடியாது. 36 வயது முகத்துக்கு அது ஒட்டாது. மூன்றாம் ஷை என்றால் 24 வரை இழுக்கலாம். அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு கடையில் நின்றதாகச் சொன்னால் காய்ப்புப் பிடித்த கைக்கும் கணக்கு வந்துவிடும். மலைநாட்டில் எத்தனையோ பிள்ளைகள் போகும் வழிதான் அது என்பதால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

வயதுக் கணக்கு

இந்த வகை நாவலில் அதிகம் உடைவது இதுதான். எழுதத் தொடங்குமுன் இரண்டு நிரல் போட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இடப்பக்கம் அசல், வலப்பக்கம் சொல்லும் பொய்.

அசல்: 1988 மார்ச் 12 பிறப்பு, 1994 இல் முதலாம் வகுப்பு, 2004 சாதாரண தரம், 2007 ஓகஸ்டில் உயர்தரம். பொய்: 2000 மார்ச் 12 பிறப்பு, 2006 இல் முதலாம் வகுப்பு, 2016 சாதாரண தரம், உயர்தரம் 2019, 2020, 2021. கதை 2024 ஜூனில் தொடங்குகிறது. இடைவெளி சரியாக 12 வருடம், ஒரு மாமாங்கம். நாளையும் மாதத்தையும் மாற்றாமல் வருடத்தை மட்டும் மாற்றியது வேண்டுமென்றே. பொய் சொல்லத் தெரியாதவன் அவ்வளவைத்தான் மாற்றுவான், பிறந்தநாள் காட்சிக்கும் அது தேவைப்படும்.

இனிப் பொறிகள். உயர்தரப் பரீட்சை நெடுங்காலமாக ஓகஸ்டில்தான் நடந்தது. கொரோனா வந்தபின் குழம்பியது: 2020 பரீட்சை ஒக்டோபரில் தொடங்கியது, 2021 க்கு உரியது 2022 பெப்ரவரியில் நடந்தது. மூன்றாம் ஷைக்காரன் பெப்ரவரிக் குளிரில், முகக்கவசத்தோடு எழுதியிருக்க வேண்டும். நாயகன் பேச்சுவாக்கில் "ஓகஸ்ட் மழையில நனைஞ்சுக்கிட்டே போய் எழுதினேன்" என்கிறான். 2019 ஐச் சொல்கிறான் என்று ஒருவன் விட்டுவிடுகிறான், இன்னொருவன் நிமிர்ந்து பார்க்கிறான். பாதி தப்பும் பொறி முழுதாகப் பிடிக்கும் பொறியைவிட நல்லது. வாசகர் அடுத்த பக்கம் புரட்டுவார்.

இரண்டாவது நெலு. ஹோர்ட்டன் சமவெளியில் 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி வகை. 2013 இல் பூத்தது. "அடுத்த வருஷம் பூக்கும், எல்லாரும் வேன் பிடிச்சிப் போவோம்" என்று வகுப்பில் பேச்சு வருகிறது. நாயகன் உற்சாகத்தில், "போன தடவை ஃபெக்டரியில லீவு போட்டுட்டுப் போனேன், ஒஹியாவிலருந்து நடை" என்றுவிடுகிறான். அவன் சொன்ன கணக்கில் 2013 இல் அவனுக்கு வயது 13. பதின்மூன்று வயதில் எந்த ஃபெக்டரி, என்ன லீவு? நாவலிலேயே நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான். தாவரமும் கணக்கும் ஊரும் ஒரே வரியில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் 12 வருடக் கணக்கு வாசகருக்கு இரண்டு அத்தியாயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதே பக்கத்தில் விளக்கினால் சிரிப்பு வராது.

அடையாள அட்டை

தேசிய அடையாள அட்டை இலக்கமே வயதைச் சொல்லிவிடும். பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், பெரும்பாலும் வீ. முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த மூன்றோடு 500 கூட்ட வேண்டும். 2016 முதல் வழங்குவது 12 இலக்கம். வருடம் நான்கு எண்ணிலும் வரும், கடைசி எழுத்து இராது. 2000 இல் பிறந்தவனிடம் 12 இலக்கம்தான் இருக்க வேண்டும். நாயகனின் அட்டையில் 88072 என்று தொடங்கி வீயில் முடியும். யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, அந்த வீ ஒன்றே போதும்.

இங்கே இரண்டாம் வரைவில் ஒரு பிழை புகுந்திருந்தது. வகுப்பில் ஒரு மாணவிக்கும் மார்ச் 12 பிறந்தநாள், 2002. அவள் இலக்கம் 2002571 என்று எழுதப்பட்டிருந்தது. நாட்காட்டிப்படி 2002 இல் மார்ச் 12 எழுபத்தோராவது நாள்தான். ஆனால் அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள். 31, 29, 12 கூட்டினால் 72. ஆகவே 2002572. நாயகனின் 1988 லீப் வருடம் என்பதால் அவன் எண்ணில் பிழை தெரியவில்லை, அவளுடையதில் மாட்டியது. கொமினிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்தவுடன் பிடிப்பார்கள். நாவலில் முழு இலக்கத்தையும் எங்கும் அச்சிட வேண்டாம். முதல் ஐந்து அல்லது ஏழு எண்ணோடு நிறுத்துங்கள். முழுதாக எழுதினால் அது உண்மையில் யாரோ ஒருவருடைய இலக்கமாக இருந்துவிடலாம்.

காதல்

முதல் வரைவில் 36 வயதுக்காரன் 22 வயது மாணவியைக் காதலிக்கிறான், அவளும் அவன் 24 என்று நம்பிக் காதலிக்கிறாள். முழுதாக வெட்டியாயிற்று. வயதைப் பற்றிப் பொய் சொல்லி ஒரு பெண்ணின் சம்மதத்தை வாங்குவது நகைச்சுவைக்குள் வராது. அந்த மாணவியை அவனை "அண்ணே" என்று அதட்டி நோட்ஸ் கொடுக்கும் தங்கையாக்கியதும் அவள் பேச்சு முழுக்க உயிர் பெற்றது.

காதல் வேண்டுமென்றால் நூலகத்தில் இருக்கிறது. உதவி நூலகருக்கு 34 வயது. அங்கத்துவ அட்டை எழுதியவள் அவள்தான், அடையாள அட்டையைப் பார்த்தவளும் அவள்தான். அத்தியாயம் 3 இலேயே அவளுக்கு எல்லாம் தெரியும். வாசகருக்குத் தெரிவது 19 இல். நடுவில் பதினைந்து அத்தியாயம் அவள் அவனைப் பெயர் சொல்லாமல் "நீங்க" என்றே கூப்பிடுகிறாள். மற்ற மாணவர் எல்லோரும் அவளுக்குத் "தம்பி". திரும்பிப் படிக்கிறவருக்கு அது கிடைக்கும்.

சறுக்கல்களின் அளவு

முதல் வரைவில் வயது வெளிப்படும் சறுக்கல் 31. அதில் படியேறும்போது முழங்கால் வலிப்பது மட்டும் ஒன்பது தரம். இப்போது மொத்தம் பதினொன்று: எண் சார்ந்தது நான்கு, பழக்கம் சார்ந்தது நான்கு, வாய்தவறுவது மூன்று. ஓர் அத்தியாயத்தில் இரண்டு வரக்கூடாது. ஒவ்வொன்றையும் வேறொருவர் கவனிக்க வேண்டும். ஒரே ஆள் மூன்றைப் பார்த்தால் அவன் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டிவரும், கதை அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

பழக்கம் சார்ந்தவை தொழிலிலிருந்து வரட்டும், கிழட்டுத்தனத்திலிருந்து வேண்டாம். முழங்கால் வலி எந்த ஊர்க் கதைக்கும் பொருந்தும். ஆனால் இவன் தொழிற்சாலைக்காரன். கொழுந்து இரவெல்லாம் வாடி, அரைப்பு விடியுமுன் தொடங்கும். அதனால் வாடகைக்குத் தங்கும் போடிங்கில் அவனுக்கு அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும், மற்றப் பையன்கள் படுக்கப்போவதே அப்போதுதான். போடிங் அம்மா தேத்தண்ணீர் நீட்டினால் குடிக்குமுன் கோப்பையை மூக்கடிக்குக் கொண்டுபோவான். "டஸ்ட். நல்ல தூள்தான், ஆனா டின் மூடி சரியில்ல, ஈரம் ஏறிருச்சி" என்பான். தயாரான தேயிலையில் ஈரம் 3 வீதம் அளவில் இருக்க வேண்டும், மலைப்பனி அதைச் சும்மா விடாது. போடிங் அம்மா அன்றிலிருந்து தூள் வாங்க அவனைத்தான் அனுப்புகிறார். 24 வயதுப் பையனுக்கு இது எப்படித் தெரியும் என்று அவர் கேட்பதில்லை. நல்ல தேத்தண்ணீர் கிடைத்தால் யார் கேட்பார்கள்?

வாய்தவறுவதில் முக்கியமானது "தம்பி". சீனியர்கள் வரும் காட்சி முதல் வரைவில் ரேகிங் பகிடியாக இருந்தது. நீக்கியாயிற்று. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கும் மேலாக, அதனால் படிப்பை விட்ட பிள்ளைகளின் வீட்டிலும் இந்தப் புத்தகம் வாசிக்கப்படும். இப்போது சீனியர் ஒருவன் வந்து பெயர் கேட்கிறான், நாயகன் தோளில் கை போட்டு "சாப்பிட்டீங்களா தம்பி?" என்கிறான். சீனியர் "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசிக்கிறான்.

மழையும் கோச்சியும்

25 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கிரிக்கெட் போட்டி முதல் வரைவில் ஜூலையில் வந்தது. ஹட்டன் பக்கம் ஜூலை என்றால் தென்மேல் பருவமழை, மைதானம் சதுப்பு. பதுளைப் பக்கம் அதே ஜூலையில் வெயிலும் காற்றும். அங்கு மழை ஆண்டின் கடைசியை ஒட்டி. போட்டியை பெப்ரவரிக்கு மாற்றியதும் ஒரு லாபம் கிடைத்தது. மார்ச் 12 வந்தால் பொய்க் கணக்கிலும் அவனுக்கு 25 ஆகிவிடும், இதுதான் கடைசி வாய்ப்பென்று வகுப்பே அவனைத் தள்ளுகிறது. அவனோ நன்றாகப் பந்து வீசுவான். அணியில் சேர்ந்தால் வேறொரு பையனின் இடம் போய்விடும். ஆகவே தெரிவுப் பயிற்சியில் வேண்டுமென்றே வைட் போட வேண்டும், ஒவ்வொரு வைட்டுக்கும் உடம்பு கேட்காமல் பந்து ஸ்டம்பைத் தேடிப் போகிறது. இந்த அத்தியாயத்துக்கு மட்டும் 2,400 சொல் விட்டோம். மற்றவை 1,300 முதல் 1,600.

நுவரெலியாவில் கோச்சி (ரயில்) நிற்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. அங்கு ஸ்டேஷன் இல்லை, நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஒரு வரிப் பிழைதான், ஆனால் இதைப் பார்த்த வாசகர் அடுத்து எதையும் நம்பமாட்டார்.

பொய்யை அவிழ்ப்பது

பிறந்தநாள் அத்தியாயம் 24. போடிங்கில் கேக், 25 மெழுகுதிரி, அவனுக்கு அன்று 37. முதல் வரைவில் இங்கே எல்லோர் முன்னும் குட்டு உடைந்து பெரிய சிரிப்பாக முடிந்தது. அது தவறு. கடைசி வாங்கில் இடம் விட்டானே அந்தப் பையன், அவன் உண்மையிலேயே மூன்றாம் ஷை. மூன்று தரம் எழுதியும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற வெட்கத்தை அவன் இந்த அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான், இவரும் அப்படித்தானே என்று நம்பி. யாரிடமும் எதையும் எடுக்காத பொய் என்று கட்டிவந்தது இங்கே ஓர் ஆளிடம் எடுத்திருக்கிறது. ஆகவே அத்தியாயம் 25 இல் நாயகன் அவனிடம் தனியாகப் போய்ச் சொல்கிறான். மழை இல்லை, பின்னணிப் பாட்டு இல்லை, பகிடி ஒன்றுகூட இல்லை. பையன் கேட்பது ஒன்றுதான்: "அப்ப நீங்க ஒரு ஷையிலயே பாஸா?" பதில், "ஆமா." அவன் மன்னிக்க இரண்டு அத்தியாயம் எடுக்கிறது. முதல் வரைவில் இரண்டு வரியில் மன்னித்திருந்தான்.

சோதனைப் பிரதி கட்டுதல்

திரையில் வாசித்தால் இந்தப் பொறிகள் வேலை செய்கின்றனவா என்று தெரியாது, முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். சோதனை வாசகர்களுக்கு ஆறு பிரதி போதும். ஏ5 அளவு, 11 புள்ளி எழுத்து, உள் ஓரம் 20 மில்லிமீற்றர், வெளி ஓரம் குறிப்பெழுத 25. பக்கத்துக்கு ஏறக்குறைய 180 சொல் வரும், 42,000 சொல்லுக்கு 234 பக்கம், முன்பக்கங்கள் ஆறு, மொத்தம் 240. ஏ4 தாள் நான்கை ஒன்றாக மடித்தால் 16 பக்கக் கட்டு ஒன்று. 15 கட்டு, 60 தாள். ஆறு பிரதிக்கு 360 தாள், ஒரு பொதி 500 இல் மிச்சமும் இருக்கும்.

16 பக்கம் 16 பக்கமாகத் தனித்தனியே அச்சிடுங்கள். சரிபார்க்க எளிய வழி: முதல் கட்டில், மடிக்காத தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்ணைக் கூட்டினால் எப்போதும் 17. இரண்டாம் கட்டில் 49. கூட்டுத்தொகை பிசகினால் தாள் மாறியிருக்கிறது. கடைக்குப் பீடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள். பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்.

மடிப்பில் ஐந்து துளை, மெழுகுதிரியில் இழுத்த நூல், முதுகுக்கு வெள்ளைப் பசை இரண்டு பூச்சு. செங்கல்லைப் பேப்பரில் சுற்றிப் பாரம் வையுங்கள். பசை காய்வதென்றால் அதிலுள்ள தண்ணீர் வெளியேறுவது. பனிமூட்டத்தில் அது போக இடமில்லை, ஓர் இரவு போதாது, முழு 24 மணி நேரம் விடுங்கள். தாள் கொஞ்சம் அலை அடிக்கும். ஏ4 தாளின் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், நடுவில் மடித்தால் முதுகுக்குக் குறுக்கே விழும், ஈரத்தில் வளையும். சோதனைப் பிரதிக்குப் பாதகமில்லை.

ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சில். சிரித்த இடத்தில் ஓரத்தில் கோடு, "இவனுக்கு எத்தனை வயசு?" என்று சந்தேகப்பட்ட இடத்தில் வட்டம். கருத்தெழுதச் சொல்ல வேண்டாம், எல்லோரும் மரியாதைக்கு நல்லதாகவே எழுதுவார்கள்.

திரும்பி வந்த பிரதிகளில் அத்தியாயம் 3 இல் நான்கு வட்டம். "அட்டையைப் பார்த்தவள் ஒரு கணம் தயங்கி, மெல்லச் சிரித்தாள்" என்ற வரி. உதவி நூலகருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தத் தயக்கமே காட்டிக்கொடுத்திருக்கிறது. இப்போது அந்த இடத்தில்: "இலக்கத்தை எழுதினாள். பேனா எழுதவில்லை. வேறொன்று எடுத்து, அட்டையைத் திரும்பப் பார்த்து, முதலிலிருந்து எழுதினாள்."

இரண்டாம் சுற்றுக்கு அந்த ஒரு கட்டை மட்டும் மறுபடி அச்சிட்டால் போதும், பிரதிக்கு நான்கு தாள்.